கம்பி கட்டிய புகைக்குழல்

என் தலை ஒருமுறை தகரக் குழல் ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டது. இதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல வழி உண்டா என்று பல வருடம் யோசித்துப் பார்த்தேன். இல்லை.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த காலம். திருவிதாங்கூரின் தெற்கே தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடக்கும். பாறசாலை வட்டாரத்தில் பேசுவதற்கு என்னை வைத்திருந்தார்கள். பாதியில் நின்ற கல்லூரிப் படிப்பும் பாதியில் நிறுத்த முடியாத பேச்சும்தான் எனக்கிருந்த தகுதிகள். மைக் செட்காரர் போலீசுக்குப் பயந்து எங்களுக்குத் தருவதை நிறுத்திவிட்டதால், தகரத்தில் ஒரு பேச்சுக் குழல் செய்து வைத்திருந்தோம். வாய் வைக்கிற பக்கம் ஒடுக்கம். சத்தம் போகிற பக்கம் அண்டாவின் வாய் போல அகலம். அமரவிளையில் ஒரு சாயங்காலம் நான் அதை உயர்த்திப் பிடித்து, நெய்யாற்றின்கரை வரை ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம் என்று முழங்கிக்கொண்டிருந்தபோது லத்தியோடு போலீஸ் வந்தது.

லத்தி எங்கே விழும் என்பது பற்றி எனக்குத் தெளிவான கருத்து இருந்தது. கையிலிருந்த குழலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினேன். உள்ளே போகும்போது பணிவாக இருந்த மூக்கு, திரும்பி வர ஒத்துக்கொள்ளவில்லை. கண் தெரியாமல் ஓடி, கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு ஊறப் போட்டிருந்த ஒரு குளத்தில் இடுப்பளவு இறங்கி நின்றேன். துரத்தி வந்த போலீஸ்காரர் கரையில் நின்று பார்த்தாராம். அடிக்கவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஒரே ஒரு அடி அடித்திருந்தால் இன்று நாலு பேரிடம் காட்ட எனக்கு ஒரு தழும்பாவது இருந்திருக்கும்.

தோழர்கள் என்னைக் குழலோடு தோப்பு வழியாக நடத்தி, அதைச் செய்தவரிடமே கொண்டுபோனார்கள். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் பக்கம் மேஸ்திரி என்றால் கொத்தனார். ஆனால் பாறசாலை ரோட்டோரத்தில் வெறுமனே மேஸ்திரி என்றால் தகடு வளைக்கிற இந்த மனிதர் ஒருவர்தான்.

"எலே, ஆருடே இது?" என்று அவர் கேட்பது எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது.

"நம்ம பேச்சாளராக்கும் மேஸ்திரி."

"அது சத்தத்திலயே தெரியுது. உள்ள இருந்தும் பேசிட்டுத்தான் நிக்கானா?"

நான் அப்போது உதவி கேட்டுக்கொண்டிருந்தேன். குழலின் தரம் நன்றாக இருந்ததால் அது நான்கு வீட்டுக்குக் கேட்டிருக்கிறது.

குறட்டால் எதையோ முறுக்கும் சத்தம் வந்தது. அடுத்த நொடி குழல், தாழை மடல் பிரிவதுபோலப் பிரிந்து கீழே விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது: அந்தக் குழலின் நெடுக்கு மூட்டை, அதாவது தகட்டின் இரண்டு விளிம்பும் வந்து சேர்கிற இடத்தை, அவர் பற்றவைக்கவே இல்லை. கம்பியால் இறுக்கிக் கட்டித்தான் கொடுத்திருக்கிறார்.

"மூடிக் குடும், மூடிக் குடும்னு அண்ணைக்கு நீங்க ஆளனுப்பின நேரத்துல நான் மூடியிருந்தா இப்ப என்ன ஆயிருக்கும்? பேசுதவன் ஆரோ அவன் இஞ்ச வந்து நிக்கட்டும், பெறகு மூடுதேன்னு சொன்னேனா இல்லியா?" என்றார். குழலை எடுத்துத் தூசி தட்டினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். தொண்டுக் குளத்தின் வாசனை அவர் பட்டறையின் கார்பைடு நாற்றத்தையே தோற்கடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப வந்து நிக்கிய. மூடட்டா?"

வேண்டாம் என்றேன்.

அந்த 'மூடட்டா' என்கிற ஒரு கேள்விதான் மேஸ்திரி. மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளைத்த தகடு.

அவருடைய பட்டறையில் குடமும் வாளியும் செய்ய மாட்டார்கள். அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் பெரிய ஆட்கள்: கிழக்கு மலையில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள், எண்ணெய் ஆலைக்காரர்கள், ஓட்டுக் கம்பெனிக்காரர்கள், முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிற அண்டியாபீஸ் முதலாளிகள். ரப்பர் பால் ஊற்றுகிற தொட்டி, எண்ணெய்ப் பீப்பாய், புகைக்கூண்டு என்று அவரவர் இடத்துக்கு அவரவர் அளவுக்குச் செய்து கொடுப்பார். காற்றுச் சிலிண்டர் வடக்கேயிருந்து லாரியில் வரும். கார்பைடில் தண்ணீர் சொட்டி எழும் வாயு ஒரு ரப்பர் குழாயிலும், சிலிண்டர்க் காற்று இன்னொன்றிலும் வந்து அவர் கையில் நீலமாக எரியும். எல்லாம் செய்வார். கடைசி நெடுக்கு மூட்டைப் பற்றவைப்பதை மட்டும் செய்ய மாட்டார். சாதனத்துக்கு உடையவர் நேரில் வர வேண்டும். அவருக்கும் ஒரு நீலக் கண்ணாடி கொடுத்துப் பக்கத்தில் நிறுத்துவார். தீயைக் கொளுத்திக்கொண்டு, திரும்பிப் பார்த்து, "மூடட்டா?" என்பார். "மூடும்" என்று உடையவர் வாயால் சொன்ன பிறகுதான் தீ தகட்டைத் தொடும். அதுவரைக்கும் கம்பிக் கட்டுதான்.

நெய்யாற்றின்கரை எண்ணெய் ஆலை முதலாளி ஒருவர் தன் கணக்கரை அனுப்பிப் பார்த்தார்.

"முதலாளிக்குப் பதிலாத்தான் என்ன அனுப்பியிருக்காரு" என்றார் கணக்கர்.

"ஓமக்கு எண்ணெய் ஆட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன நீரு எதுக்கு மூடச் சொல்லுதீரு? போயி அவர வரச் சொல்லும்."

முதலாளி வெள்ளை ஜிப்பாவோடு வந்து தீப்பொறிக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்று, பள்ளிக்கூடத்துப் பையனைப்போல "மூடும்" என்று சொல்லிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

இது நேர்மையா, கெட்டிக்காரத்தனமா என்பதை நான் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. உடையவனே நின்று மூடச் சொன்ன தொட்டியில் பிறகு குற்றம் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"மூடினா பின்ன அது எனக்க சாதனம் இல்ல மக்கா" என்றார். "கம்பி கட்டிக் கெடக்குத வரைக்கும் எனக்குள்ளதாக்கும்."

ஆக, கொடுக்க மனமில்லாத மனிதர். இவருக்கு ஒரே மகள். அவளுடைய கல்யாணத்தில் சபைப் போதகர், இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று கேட்டபோது, இவர் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்து "மூடட்டா?" என்று கேட்டுவிட்டதாக ஊரில் ஒரு கதை உண்டு. சபைக் கோயிலில் அன்று நான் முன்வரிசையில்தான் இருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் மகளின் கையை விடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது உண்மை.

போலீசும் அவருக்கு வாடிக்கைதான். வட்டாரத்தில் ஒரு ஸ்டேஷனில் எங்களைப்போன்றவர்கள் அதிகமானதால், லாக்கப் கதவின் கம்பிகளுக்கு மேல் தகடு அடிக்கச் சொன்னார்கள். செய்தார். இன்ஸ்பெக்டர் வந்து நிற்கட்டும், மூடுகிறேன் என்றார். இன்ஸ்பெக்டருக்கு வேறு வேலை. கதவு கம்பிக் கட்டோடு போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரம் நாங்கள் கைதாகி அதற்குள் இருந்தோம். எங்களில் ஒருவர் கதவில் சாய்ந்தபோது தகடும் சட்டமும் ஒரு பக்கமாக விலகி, ரோடும் டீக்கடையும் தெரிந்தன. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று நாள் முயன்று கைதாகியிருக்கிறோம். வெளியே போனால் பட்ட பாடெல்லாம் வீண். மத்தியானச் சோறும் வரவேண்டியிருந்தது. நாங்களே கம்பியை முறுக்கி இறுக்கிக் கட்டிவிட்டு உட்கார்ந்தோம்.

இப்படி இரண்டு தரப்புக்கும் செய்து கொடுத்தவர் எந்தப் பக்கம் என்று எங்களுக்குச் சந்தேகம். அளவு சொல்வது மலையாளத்தில், ஏசுவது தமிழில், ஜெபிப்பது எது முதலில் வாயில் வருகிறதோ அதில். எங்கள் கமிட்டித் தலைவர் ஒருமுறை வழிமறித்துக் கேட்டார்.

"ஓமக்கு எங்க சேரணும் மேஸ்திரி? இஞ்சயா, அங்கயா?"

"ரெண்டு பக்கமும் எனக்க தொட்டி கெடக்குது" என்றார் மேஸ்திரி. "நான் எங்க சேர?"

தலைவர் இதைக் கோழைத்தனம் என்றார். தலைவருக்கு எந்தப் பக்கமும் தொட்டி கிடையாது.

மகளை மேஸ்திரி கட்டிக்கொடுத்தது கிழக்கே, களியக்காவிளை தாண்டி. வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்தால் சாறு துப்புவதற்குள் போய்விடலாம். அவள் அங்கே ஒரு அண்டியாபீசில் வேலை பார்த்தாள். முந்திரிக்கொட்டை வறுக்கிற புகை வேறு எந்தப் புகையையும் போல அல்ல. தோட்டின் எண்ணெய் எரிந்து கறுப்பாக வரும், கண்ணைக் கரிக்கும், தோலில் பட்டால் புண்ணாக்கும். அந்த ஆபீஸ் ஒரு பள்ளத்தில் இருந்தது. பழைய புகைக்குழல் துருப்பிடித்து விழுந்துவிட்டிருந்தது. புகை கூரைக்கு மேலே போக வழியில்லாமல், கொட்டை உடைக்கிற பெண்களின் மத்தியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேஸ்திரியின் மகளுக்கு இளைப்பு வந்தது. ராத்திரியில் படுக்க முடியாமல், உரலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும்வரை மூச்சு இழுப்பாளாம்.

புதிய குழலுக்கான வேலை மேஸ்திரிக்கு வந்தது. அவரே போய்க் கேட்டு வாங்கியது என்றும் சொல்வார்கள். நீளம் அதிகமாகையால் இரண்டு பாதியாகச் செய்தார். கீழ்ப்பாதியை அங்கேயே கொண்டுபோய் அடுப்பின் மேல் நிறுத்தினார். முதலாளி நின்றார், மூடச் சொன்னார், மூடினார். மேல்பாதி பட்டறையில் தயாரானது. தயாராகி, நெடுக்கு மூட்டில் கம்பிக் கட்டோடு முதலாளிக்காகக் காத்துக் கிடந்தது. முதலாளியோ கொல்லத்தில் தனக்கிருந்த இன்னொரு ஆபீசுக்குப் போனவர், இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று சொல்லியனுப்பிக்கொண்டிருந்தார்.

பாதிக் குழல் என்பது குழலே இல்லாததைவிட மோசம். புகையைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து சரியாகப் பெண்கள் தலையில் கொட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டதும், மகள் நடந்தே பட்டறைக்கு வந்துவிட்டாள். நான் அங்கே கூட்டத்துக்கான தகரப் பலகைக்காக நின்றிருந்தேன். வாசலில் ஒரு பீப்பாயின் மேல் உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடிக்கும்வரை அவளால் பேச முடியவில்லை. உள்ளே பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். பேச ஆரம்பித்ததும் தகப்பனின் மகள் என்று தெரிந்தது.

"மேல்பாதி முடிஞ்சாச்சா இல்லியா?"

"முடிஞ்சாச்சு மக்களே" என்றார். எங்கள் பக்கம் ஒரே பிள்ளையானாலும் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பின்ன இது ஆருக்கக் கல்யாணத்துக்குக் கெட்டி வச்சிருக்கு? மூடிக் கொண்டு வாரும்."

"முதலாளி வரணும்லா."

"முதலாளி கொல்லத்துல நல்ல காத்து வாங்கிட்டு இருக்காரு. இஞ்ச மூச்சு விட முடியாதது எனக்காக்கும்."

"வாற ஞாயிறு வருவாருன்னு சொல்லிவிட்டுருக்காரு."

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க ஊரெல்லாம் பேசுதீங்க. இவர்ட்ட ஒரு வார்த்த பேசப்பிடாதா?"

நான் பேசினேன். உரிமை, காலத்தின் அவசரம், உழைக்கும் பெண்கள் என்றெல்லாம் நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீயா உடையவன்?" என்றார். பிறகு மகளுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அவள் குடிக்கும்போது குழலின் கம்பிக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு இறுக்கிப் பார்த்தார். அவளை அவர் பார்க்கவில்லை. அந்த இளைப்புச் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது, கேட்காமலிருக்க வழியில்லை.

அடுத்த ஞாயிறுக்குள் மாநிலங்கள் பிரிந்துவிட்டன.

எங்கள் போராட்டத்தின் முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிழக்கே நான்கு தாலுகா தமிழகத்தோடு போயிற்று. நாங்கள் கத்தின நெய்யாற்றின்கரைத் தாலுகா போகவில்லை. பாறசாலை கேரளத்தின் கடைசி ஊர் ஆனது. ரோட்டில் குறுக்கே ஒரு மூங்கில் விழுந்தது. பக்கத்தில் ஓலைச் சாவடி ஒன்று முளைத்தது. அதற்குள் ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் தள்ளி, கிழக்குப் பக்கத்தில், இன்னொரு மூங்கில். மேஸ்திரியின் பட்டறை இந்தப் பக்கம். அவருடைய மகளும் அடுப்பும் பாதிக் குழலும் அந்தப் பக்கம்.

முதலாளி இப்போதைக்கு வரமாட்டார், கொல்லத்திலேயே இருக்கிறார் என்று உறுதியான பிறகு, மேஸ்திரி மேல்பாதியை மாட்டு வண்டியில் ஏற்றினார். அங்கே போய் நிறுத்தி வைத்துக்கொண்டு முதலாளிக்குக் காத்திருக்கலாம் என்று எண்ணம். வண்டிக்குப் பின்னால் நானும் போனேன். சாவடியில் அதிகாரி வெளியே வந்து, குழலைச் சுற்றி நடந்து பார்த்தார். நல்ல மனிதர், வடக்கே எங்கோ இருந்து மாற்றலாகி வந்தவர், புதிய வேலை என்பதால் பயந்துபோயிருந்தார்.

"இது எந்தா சாதனம்?"

"புகைக்குழல் சாரே."

"குழலெங்கில் மூடியிருக்கணும். இது தொறந்நு கெடக்குந்நல்லோ." அவர் கம்பிக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். குழல் என்று எழுதினால் மேலதிகாரி வந்து, இது குழல் அல்லவே என்பார். தகடு என்று எழுதினால், வளைந்திருக்கிறதே என்பார். "ஒரு காரியம் செய். மூடிக் கொண்டு வா. ஞான் விடாம்." மூடினால் விட்டுவிடுகிறாராம்.

பட்டறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஒரு மணி நேர வேலை. நான் மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடும் மேஸ்திரி. ஒம்ம மோளுக்காகவாவது மூடும்."

அவர் மூங்கிலுக்கு அப்பால் பார்த்தார். பள்ளத்திலிருந்து கறுப்புப் புகை எழும்பி, தென்னை உயரம்கூடப் போகாமல் திரும்பக் கீழே இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

"நாளைக்கு வாறேன் சாரே" என்றார். குழலை அங்கேயே ரோட்டோரத்தில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பினார்.

ராத்திரி அவர் என்ன யோசித்தாரோ தெரியாது. எங்கள் கமிட்டி என்ன யோசித்தது என்பது தெரியும்.

எல்லையில் பாதிக் குழல் ஒன்று நிற்கிறது, மறுபாதி அக்கரையில் நிற்கிறது என்ற செய்தி தலைவர் காதுக்குப் போயிற்று. இரண்டாகப் பிளக்கப்பட்ட தமிழ் நிலத்துக்கு இதைவிட நல்ல சின்னம் கிடைக்குமா என்று அவர் கண்கலங்கினார். அந்தி மயங்குவதற்குள் ஐந்தாறு பேர் போய், குழலுக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, உச்சியில் கொடி கட்டி, கோஷம் போட்டுவிட்டு வந்தார்கள். என்னையும் இழுத்துப் போனார்கள். பேசச் சொன்னார்கள். அன்று ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

விடிந்ததும் மேஸ்திரி தள்ளுவண்டியோடு சாவடிக்கு வந்தார். வண்டியில் காற்றுச் சிலிண்டரும், கார்பைடு டப்பாவும், நீலக் கண்ணாடியும் இருந்தன. முதலாளி இல்லாமல், யாரும் சொல்லாமல், அவர் அந்தச் சாமான்களோடு பட்டறையை விட்டு வந்து நான் பார்த்ததில்லை. மூடத்தான் வந்தாரா? அதே தீதான் வெட்டவும் செய்யும். நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் யாரும் இல்லை. குழலுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர் காவல் நின்றார்.

மேஸ்திரி மாலையைப் பார்த்தார்.

"எனக்க குழலுக்கு எதுக்குடே மால? செத்துப் போச்சா?"

மாலை போட்டவர்கள் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அதிகாரி சாவடிக்குள்ளிருந்தே கையை விரித்தார். மேலே சொல்லியாகிவிட்டது; இது இப்போது அரசியல் சாதனம். மூடினாலும் விட முடியாது, மூடாவிட்டாலும் விட முடியாது. மேஸ்திரி அவர் மேசை முன்னால் நின்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில், ஏறக்குறைய தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "வெறும் தகிடாணெங்கில் போகாம்" என்றார். வெறும் தகடு என்றால் போகலாம்.

மேஸ்திரி வெளியே வந்தார். மாலையைக் கழற்றிப் போலீஸ்காரர் கையில் கொடுத்தார். கொடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தீயைக் கொளுத்தி, தான் செய்த குழலை மூட்டு மூட்டாக வெட்ட ஆரம்பித்தார்.

நான் அதற்கு முன்னும் பின்னும் பல தோல்விகளைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் என்னுடையவை. ஆனால் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடித்து அடித்து, வளைந்த தகட்டை ஒருவர் நேராக்குகிற சத்தத்தைப் போல எதுவும் என்னைக் கூச வைத்ததில்லை. கூடியிருந்தவர்கள் மெல்ல நழுவினார்கள். போலீஸ்காரர்தான் துப்பாக்கியைச் சாவடித் தூணில் சாய்த்துவிட்டு வந்து தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

கார்பைடும் சிலிண்டரும் எல்லை தாண்ட வேறு அனுமதி வேண்டுமாம். அதனால் தகடுகள் மட்டும் தலைச்சுமையாகப் போயின. நானும் ஒன்றைச் சுமந்தேன். காற்றில் அது பாய்மரம்போல விரிந்து, நான் போக நினைக்காத திசைகளுக்கெல்லாம் என்னைக் கொண்டுபோயிற்று. கிழக்கு மூங்கிலில் திருநெல்வேலிப் பக்கத்து அதிகாரி ஒருவர் நிறுத்தினார்.

"என்னவே இது?"

அரசாங்கத்தின் வாயிலிருந்து தமிழ்! நான் எத்தனை மேடையில் கேட்ட வரம்! நெஞ்சு விம்ம, தகட்டுக்கு அடியிலிருந்து பதில் சொன்னேன்: "அண்டியாபீசுக்குள்ள தகடாக்கும் சார். மேஸ்திரிக்க சாதனம். அங்கன கொண்டு போயி வளைக்கதுக்கு உள்ளது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மலையாளம் நமக்குப் புரியாதுவே. தமிழ்ல சொல்லும்."

அப்படியாக, நெய்யாற்றின்கரைத் தாலுகாவைத் தமிழகத்தோடு சேர்க்கப் புறப்பட்ட நான், சேர்த்து வைத்தது ஒரு தகடு.

அண்டியாபீஸ் முற்றத்தில் வளைப்பதற்கு உருளை கிடையாது. விழுந்து கிடந்த ஒரு தென்னந்தடியின் மேல் தகட்டைப் போட்டு அடித்து வளைத்தார். தீ கிடையாது, ஆகையால் துளையிட்டு ரிவெட் அடித்தார். முன்பு பட்டறையில் வழவழவென்று இருந்த குழல், இப்போது அம்மை வந்து ஆறியவன் முகம்போல இருந்தது. ஒரு முழுப் பகல் போயிற்று. பெண்கள் உள்ளே கொட்டை உடைத்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தார்கள். மேஸ்திரியின் மகள் வாசல்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கையை வைத்து, தோளை உயர்த்தி உயர்த்தி, மூச்சை ஒரு வேலையைப்போலச் செய்துகொண்டிருந்தாள்.

கடைசி நெடுக்கு மூட்டு மிஞ்சியது. நான் மனதுக்குள் அதை எதிர்பார்த்துத்தான் நின்றேன். முதலாளி கொல்லத்தில். உடையவர் இல்லை. இந்த மனிதர் இதையும் கம்பி கட்டித்தான் ஏற்றப்போகிறார். மூட்டு வழியாகப் புகை கசிந்து பழையபடி இவள் நெஞ்சுக்குள்தான் இறங்கப்போகிறது.

மேஸ்திரி குழலை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையை மடியில் விட்டுத் துழாவினார். வெகுநேரம் துழாவினார். கண்ணைத் துடைக்கத் துண்டு தேடுகிறார் என்று எனக்குப் பட்டது. மரியாதைக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடட்டா மக்களே?"

அவளுக்குப் பேச மூச்சில்லை. கையை மட்டும் ஆட்டினாள். அவர் மூடினார். ரிவெட் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே வந்தது.

குழல் நின்றது. அடுப்பு மூட்டினார்கள். புகை முதல்முறையாகத் தென்னைகளைத் தாண்டி மேலே போயிற்று. அங்கே கிழக்குக் காற்று பிடித்து, மேற்கே தள்ளி, கேரளத்துச் சாவடியின் மேல் கொண்டுபோய் இறக்கிற்று. அதிகாரி ஒரு வாரம் இருமினார் என்று கேள்வி. மேஸ்திரியின் மகள் அன்றிரவு பாயில் படுத்து உறங்கினாளாம்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. எல்லை அங்குலமும் நகரவில்லை. நான் எதிர்த்துப் போராடிய அரசாங்கத்திலேயே குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்து, அதன் ஓய்வூதியத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிழக்கு மலைத் தோட்டக்காரர்கள் மூங்கில் தாண்டி வருவதற்குச் சோம்பி, அந்தப் பக்கத்திலேயே ஆள் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி கடைசியில் குடமும் வாளியும் செய்தார். வாளி வாங்க வருகிற கிழவிகளையும் நீலக் கண்ணாடி கொடுத்து நிறுத்தினார். ஒருநாள் அந்தப் பட்டறை பூட்டிக் கிடந்தது. மறுநாளும் பூட்டிக் கிடந்தது.

ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்குள் வளர்ந்துகொண்டே வந்தது. உடையவன் இல்லாமல் எதையும் மூடாத மனிதர், அன்று உண்மையான உடையவள் யார் என்று கண்டுகொண்டார். மூச்சு யாருடையதோ, குழல் அவருடையது. இதை நான் வாசகசாலைக் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது என் குரல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தழுதழுக்கும்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு எதிரே மேஸ்திரியின் மகள் உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது, மூச்சில் அந்தப் பூனைக்குட்டி இன்னும் இருக்கிறது, முன்னைவிடச் சின்னதாக. இத்தனை வருடத்தில் அவளிடம் நான் இதைச் சொன்னதே இல்லை என்று தோன்றியது. சொன்னேன். மடியில் துண்டு தேடியது, மூடட்டா என்று அவளைக் கேட்டது, அதன் பொருள், எல்லாவற்றையும் சொன்னேன். குரல் வழக்கமான இடத்தில் தழுதழுத்தது. பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

அவள் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா மடியில தேடினது கம்பியாக்கும் அண்ணே" என்றாள். "தீந்து போச்சு. அதான் மூடினாரு."